கடைத் தளத்துக்கு மேப்: கூகுள் கீயா, லீஃப்லெட்டா?

9 பிப்ரவரி 2025, கேள்வி

மதுரையில் மூன்று கிளை உள்ள ஒரு ஜவுளிக்கடைக்குத் தளம் செய்துகொண்டிருக்கிறேன். 'எங்கள் கிளைகள்' பக்கத்தில் மேப் இருந்தே ஆகவேண்டும் என்கிறார் முதலாளி. கூகுளில் ஏபிஐ கீ எடுக்கப் போனால் (அவர்கள் சேவையை நம் தளத்திலிருந்து அழைக்கும் வழி ஏபிஐ, அதற்கான அனுமதிக் குறியீடு கீ) கார்டு கேட்கிறது. கார்டெல்லாம் தரமுடியாது என்கிறார் அதே முதலாளி. மேப் காட்டுகிற லீஃப்லெட் நிரலையும் தன்னார்வலர்கள் சேர்த்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் சேர்த்துப் போட்டால் முழுக்க இலவசம்தானே? அப்புறம் ஏன் எல்லோரும் கூகுளையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

9 பிப்ரவரி, இரவு, பதில்

கார்டு தராத முதலாளி விவரமானவர். அவரை விடுங்கள். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் மேப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? எந்தக் கிளை தன் வீட்டுக்குப் பக்கம் என்று பார்ப்பார், போனில் வழியைத் திறப்பார், கிளம்பிவிடுவார். இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

இதற்குக் கீயே தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையைத் திறந்தால் பகிர் பொத்தானுக்குள்ளேயே பக்கத்தில் பதிக்க ஒரு ஐஃபிரேம் வரி (இன்னொரு தளத்தை நம் பக்கத்துக்குள் பெட்டியாகக் காட்டுவது) இருக்கும். அதை எடுத்து ஒட்டினால் முடிந்தது. கார்டும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 'வழி காட்டு' என்று ஒரு பொத்தான் வைத்து, போக வேண்டிய இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணைப்பிலேயே எழுதிவிடலாம். அதற்கும் கீ கேட்பதில்லை. போனில் அழுத்தினால் நேரே மேப் ஆப் திறக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பொத்தான்தான் அந்தப் பக்கத்திலேயே உருப்படியான சமாச்சாரம்.

ஒன்று மட்டும். மூன்று ஐஃபிரேம் போட்டால் பக்கம் கனத்துப்போகும். மூன்றுக்கும் லேசி லோடிங் போட்டுவிடுங்கள், கீழே உருட்டும்போது வந்தால் போதும்.

10 பிப்ரவரி

நேற்று 'முழுக்க இலவசம்தானே' என்ற பகுதிக்குப் பதில் சொல்லவில்லை. லீஃப்லெட் மேப் என்று நாம் சொல்வது ஒரு பொருள் இல்லை, மூன்று பொருள்.

முதலாவது லீஃப்லெட். அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், அதாவது பக்கத்தில் சேர்த்துக்கொள்கிற தயார் நிரல். கீவ் நகரத்தைச் சேர்ந்த வொலொதிமிர் அகாஃபோன்கின் 2011-ல் வெளியிட்டது. சுருக்கினால் 42 கிலோபைட் அளவுதான். இது உண்மையிலேயே இலவசம், திறந்த மூலம், நாளைக்கு யாரும் வந்து காசு கேட்க முடியாது.

இரண்டாவது தரவு. தெரு, குளம், கோயில், பேருந்து நிலையம் எல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் 2004-லிருந்து சேர்த்து வைத்தது. உரிமம் இருக்கிறது, எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதவேண்டும், அவ்வளவுதான். இதுவும் இலவசம்.

மூன்றாவதில்தான் சிக்கல். அந்தத் தரவைப் படமாக வரைந்து சின்னச் சின்னச் சதுரமாக அனுப்புகிறது பாருங்கள், அந்த டைல் சர்வர். ஒரு டைல் 256 பிக்சல் சதுரம். முழு உலகத்தையும் ஒரே டைலில் காட்டுவது 0-ஆம் நிலை. ஒவ்வொரு நிலை உள்ளே போகும்போதும் டைல்கள் நான்கு மடங்காகும். கட்டிடம் தெரிகிற 18-ஆம் நிலையில் உலகம் முழுவதற்கும் 6,800 கோடிக்கு மேல் டைல் வேண்டும். இதையெல்லாம் வரைந்து வைக்கவும் அனுப்பவும் இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், ராத்திரி விழுந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த டைல் சர்வர் நன்கொடையில் ஓடுகிறது. உங்கள் ஜவுளிக்கடைக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் உறுதிமொழி எதுவும் கிடையாது. மொத்தமாக டைல்களை இறக்கி வைக்கக்கூடாது, அளவுக்கு மீறி இழுத்தால் முன்னறிவிப்பு இல்லாமலே நிறுத்தலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

மூன்று கிளைக் கடைக்கு அந்த அளவெல்லாம் வராது. தாராளமாகப் போடலாம். 'முழுக்க இலவசம்' என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும். யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார், அது நாம் இல்லை, அவ்வளவே.

10 பிப்ரவரி, மாலை

மூலையில் வருகிற 'ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' வரி டிசைனுக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. இவ்வளவுக்கும் அவர்கள் கேட்கிற ஒரே கூலி அது.

11 பிப்ரவரி

டைல் வரவில்லை, சாம்பல் கட்டம்தான் வருகிறது என்று இன்னொருவர். லீஃப்லெட்டைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் சர்வர் அனுப்புகிற ஹெட்டர்களை, அதாவது பக்கத்தோடு கூடப் போகிற குறிப்பு வரிகளைப் பாருங்கள். பாதுகாப்புக்காக என்று ரெஃபரரை (கேட்கிற தளத்தின் முகவரி) அடியோடு மறைக்கிற வரியைச் சிலர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். டைல் கேட்கிறது எந்தத் தளம் என்று தெரியவேண்டும் என்பது டைல் சர்வரின் விதிகளில் ஒன்று. ரெஃபரரில் தள முகவரியை மட்டுமாவது அனுப்புகிற மாதிரி மாற்றுங்கள்.

அதுவும் இல்லையென்றால் மேப் இருக்கிற பெட்டிக்கு உயரமே கொடுத்திருக்க மாட்டீர்கள். லீஃப்லெட் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் பாதி இந்த உயரப் புகார்தான்.

16 பிப்ரவரி

'ஏன் எல்லோரும் கூகுளையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்' என்ற கேள்விக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. அடுத்தவர் தளத்தில் பதிக்கிற வசதி எதுவும் அப்போது இல்லை. பால் ராட்மேக்கர் என்ற நிரலாளர் அதன் ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்து, கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் வருகிற வாடகை வீட்டு விளம்பரங்களை அதன்மேல் பின்களாகக் குத்தி 'ஹவுஸிங்மேப்ஸ்' என்று ஒரு தளம் போட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூகுள் வழக்குப் போட்டிருக்கலாம். மாறாக அதே ஆண்டு ஜூனில் எல்லோருக்கும் ஏபிஐ திறந்துவிட்டது, பிறகு அவரையே வேலைக்கும் எடுத்துக்கொண்டது. ஒரு தளத்தின் சேவையை இன்னொரு தளத்தில் ஒட்டவைப்பது என்பது அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு அன்றாட வேலையானது. அப்போது வேறு எதுவும் இந்த அளவுக்கு நன்றாக இல்லை. எல்லோரும் அதையே கற்றார்கள், அதையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பழக்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

காசுக் கதை தனி. 2012 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு 25,000 மேப் (ஒருமுறை திறந்தால் ஒன்று) வரைக்கும் இலவசம், அதற்குமேல் ஆயிரத்துக்கு 4 டாலர் என்றார்கள். போகிற இடங்களைப் பதிவுசெய்யும் ஃபோர்ஸ்கொயர் சேவை அந்த பிப்ரவரியிலேயே ஓபன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் போய்விட்டது. ஜூனில் 4 டாலர் அரை டாலராக இறங்கியது. பிறகு 2018 ஜூலை 16. கீயும் பில்லிங் கணக்கும் கட்டாயம், ஆயிரத்துக்கு 7 டாலர். மாதம் 200 டாலர் கழிவு கொடுத்தார்கள், அது ஏறக்குறைய 28,000 மேப்புக்கு வரும். முன்பு ஒரு நாளைக்குக் கிடைத்ததற்கும் அப்புறம் ஒரு மாதத்துக்குக் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றாகிவிட்டது. கணக்குத் தராத தளங்களிலெல்லாம் மேப் கறுத்து, குறுக்கே 'உருவாக்கப் பணிக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. இன்றைக்கும் சில பழைய கல்யாண மண்டபத் தளங்களில் அந்தக் கோலத்தைப் பார்க்கலாம். யாரும் திறந்து பார்ப்பதில்லை போல.

கோபமாக எழுதவில்லை. அவர்கள் பொருள், அவர்கள் விலை. ஆனால் ஒரு சேவையைத் தளத்தில் பதிக்கும்போது இன்றைய விலையோடு சேர்த்து அந்த விலையை மாற்றுகிற அதிகாரத்தையும் ஒத்துக்கொள்கிறோம். வாடிக்கையாளரிடம் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். பாதிப் பேர் அங்கேயே ஐஃபிரேமுக்கு இறங்கிவிடுவார்கள்.

2 மார்ச்

மேலே சொன்ன 200 டாலர் கணக்கு நேற்றோடு போயிற்று. மார்ச் 1 முதல் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச வரம்பு. அடிப்படை வகைக்கு உலகப் பொது அளவு மாதம் 10,000. இந்தியாவில் பில்லிங் வைத்து இந்தியாவுக்குள் பயன்படுத்துகிறவர்களுக்கு 70,000. இந்திய விலையும் போன ஆகஸ்டிலேயே 70 சதவீதம் வரை இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் ஓலா நிறுவனம் கூகுள் மேப்பை விட்டுத் தன் சொந்த மேப்புக்கு மாறியதாக அறிவித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

ஆக ஒரு மதுரைக் கடைக்கு 70,000 தாண்டாது. அதாவது காசு இப்போது பிரச்சினையே இல்லை, கார்டுதான் பிரச்சினை.

3 மார்ச்

கார்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. ஒரு இனிப்புக் கடையின் தளம் என்னிடம் வந்தது. முன்பு செய்துகொடுத்தவர் கீயை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டிருந்தார். மேப் கீ பக்கத்தின் மூலத்தில் பளிச்சென்று தெரியும், மறைக்க வழியே இல்லை, அப்படித்தான் அமைப்பு. யாரோ அதை எடுத்துத் தங்கள் வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஆண்டுக்கணக்காகத் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்கு எச்சரிக்கைகள் வந்து குவிந்திருந்தன. நான் பார்க்கும்போது பில் ஏறியிருந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: 'இவ்வளவு ரூபாய்க்கு யாருங்க மேப் பார்த்தது?'

கீ எடுத்தால் செய்யவேண்டியது: இன்ன தளத்திலிருந்து மட்டும் என்று ரெஃபரர் பூட்டு. இன்ன ஏபிஐக்கு மட்டும் என்று இரண்டாவது பூட்டு. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கோட்டா வரம்பு. மூன்றும் வேண்டும். பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறேன், அது போதாதா என்பார்கள். அது மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது. நிறுத்துவது கோட்டா.

9 மார்ச்

கேட்டவர் லீஃப்லெட்டில் ஒரு சோதனைப் பக்கம் செய்து அனுப்பியிருக்கிறார். இரண்டு கிளைகள் மதுரையில் இருக்கின்றன. மூன்றாவது கிளை வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலுக்குள் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி அங்கே எடுபடுமா தெரியவில்லை.

காரணம் எளிது. மதுரை அட்சரேகை 9.92, தீர்க்கரேகை 78.12. லீஃப்லெட் மார்க்கர் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோஜேசன் என்ற இடத்தரவுக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில், அது அந்தத் தர வரையறையிலேயே இருக்கிறது. மூன்றாவது கிளையை மட்டும் ஜியோஜேசன் கோப்பிலிருந்து கையால் எடுத்து எழுதியிருக்கிறார். வடக்கே 78, கிழக்கே 10 என்றால் ஸ்வால்பார்ட்தான். தமிழ்நாட்டில் எந்த ஊரைத் திருப்பிப் போட்டாலும் அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் போய் விழும். சென்னை கொஞ்சம் வடக்கே தள்ளி, ஆர்க்டிக் கடலிலேயே.

கடை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நின்றால் வேறு வியாதி. அது பூஜ்யம், பூஜ்யம். அதாவது தரவே வரவில்லை. மேப் வேலை செய்கிறவர்கள் அந்த இடத்துக்கு 'நல் ஐலண்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், 'நல்' என்றால் ஆங்கிலத்தில் வெறுமை. தீவு எதுவும் கிடையாது, ஒரு வானிலை மிதவைதான் கட்டியிருந்தார்கள்.

15 மார்ச்

தெருப் பெயர்கள் தமிழில் வரவேண்டும் என்று முதலாளி ஆசைப்படுகிறாராம். நியாயமான ஆசை, ஆனால் இந்த இழையிலேயே கஷ்டமான கேள்வி இதுதான்.

கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ என்றால் மொழி தமிழ் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். கீ வேண்டும், கார்டு வேண்டும், தெரிந்த கதை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு. தன்னார்வலர்கள் நிறையவே நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் பொது டைல் என்பது ஏற்கெனவே வரைந்து முடித்த படம். அதில் முதன்மைப் பெயர்தான் வரும், நம் ஊர்ப்பக்கம் அது பெரும்பாலும் ஆங்கிலம். படத்திலிருக்கிற எழுத்தை நாம் மாற்றமுடியாது.

அப்படியானால் வெக்டார் டைல். அதில் படம் வராது, கோடும் பெயரும் தரவாகவே வரும், நம் பிரவுசர் வரைந்துகொள்ளும். எந்த மொழிப் பெயர் வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். இதற்கு மேப்லிப்ரே என்ற நூலகம் இருக்கிறது. மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் நூலகத்தின் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டபோது, பழைய பதிப்பிலிருந்து மற்றவர்கள் பிரித்து வளர்த்தது. நல்ல நூலகம். ஆசையாகத் தமிழ்ப் பெயரைக் கேட்டேன். வந்தது பாருங்கள்: சென்னை என்பதில் முதலில் 'ச', அதற்குப் பிறகு தனியாக ஒற்றைக்கொம்பு, பிறகு 'ன்', 'ன', கடைசியில் ஐகாரக் கொம்பு. மதுரையில் 'து' சேரவே இல்லை, 'த' ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம். கொடைக்கானலைச் சொல்லவே வேண்டாம்.

எழுத்துரு கெட்டுவிட்டது என்று தோன்றும். அது இல்லை. ஒவ்வொரு குறியையும் தனித்தனிப் படமாக வாங்கி வரிசையாக அடுக்குகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும், இரண்டு சேர்ந்து ஒரு வடிவமாக வேண்டும் என்கிற வேலையை யாரும் செய்வதில்லை. தேவநாகரிக்கும் பர்மிய எழுத்துக்கும் இதே கதிதான். நான் சோதித்தபோது இதுதான் நிலை. முதலாளியிடம் தெருப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

15 மார்ச், இரவு

கிளைப் பெயர்களைத் தமிழில் போடத் தடையில்லை. மார்க்கரை எச்டிஎம்எல்லாகச் செய்தால் எழுத்தை வரைவது பிரவுசர், மேப்லிப்ரே இல்லை. கொம்பெல்லாம் ஒழுங்காக வரும். இதை மத்தியானமே எழுதியிருக்கலாம், புலம்பலில் விட்டுப்போயிற்று.

22 மார்ச்

ஒரு சட்ட விஷயம், சுருக்கமாக. ஓபன்ஸ்ட்ரீட்மேப் எல்லைகளை அங்கே யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை வைத்து வரையும். காஷ்மீர்ப் பக்கம் அது இந்திய அரசின் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. நம் நாட்டு எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961 சட்டம் ஒன்று இருக்கிறது. ஜவுளிக்கடையை யாரும் தேடி வரமாட்டார்கள் என்றாலும், மதுரையைக் காட்டுகிற மேப்பில் காஷ்மீர் வரை வெளியே இழுக்கவிடுவதற்கு அவசியமே இல்லை. மிகக் குறைந்த ஜூம் 11, நகர எல்லைக்கு வெளியே நகராமல் ஒரு கட்டம். இரண்டு வரி வேலை. கை தவறி இழுத்து வங்கக் கடலில் மாட்டிக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்கும் இது உபகாரம்.

8 ஜூன்

நெடுநாள் கழித்து ஒருவர்: முகவரியைக் கொடுத்தால் தானாகப் பின் விழுகிற மாதிரி செய்யமுடியாதா? செய்யலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேவை நாமினாட்டிம். விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது, தட்டத் தட்டப் பரிந்துரைக்கிற வேலைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆனால் 'பழைய எண் 14, புதிய எண் 31, பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாடி' என்ற முகவரியை அதனிடம் கொடுத்தால் அது என்ன செய்யும் பாவம். வேறு எந்தச் சேவையும் இதில் பெரிதாகச் சாதித்து நான் பார்க்கவில்லை. மூன்று கிளைதானே. வண்டியை எடுத்துக்கொண்டு போய், கடை வாசலில் நின்று, போனில் பின்னை அழுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வாசலில் என்றால் வாசலில். கட்டிடத்தின் நடுவில் குத்தினால் பின்பக்கத் தெருவுக்கு வழி காட்டிவிடும்.

அஞ்சல் துறை போன மாதக் கடைசியில் டிஜிபின் வெளியிட்டிருக்கிறது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. கணக்கிடும் முறையையும் திறந்தே கொடுத்திருக்கிறார்கள். தொடர்புப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம், காசா பணமா.

17 ஆகஸ்ட்

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நான் முதல் நாள் சொன்னபடி ஐஃபிரேம்தான் போட்டாராம். எல்லாம் நன்றாக ஓடியது. முதலாளி ஒருநாள் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அவர் கடைக்கு எதிரே போட்டிக் கடை, பெயரோடு. 'என் தளத்தில் அவன் பேர் எதுக்குய்யா?'

பெரிதாக்கிப் பார்க்க ஒன்றுமில்லை என்று நான் எழுதியது முதலாளியைக் கணக்கில் எடுக்காமல்.

ஐஃபிரேமில் இதை மாற்ற வழியில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைலிலும் முடியாது, படம் படம்தான். கூகுள் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐயில் ஸ்டைலில் போய்க் கடை, உணவகம் போன்ற இடங்களை மறைத்துவிடலாம், ஆனால் கார்டு. மிச்சம் மேப்லிப்ரேதான். எதை எப்படி வரையவேண்டும் என்று சொல்கிற ஸ்டைல் கோப்பில் கடைகள் வருகிற அடுக்கை நீக்கிவிட்டால் எந்தக் கடையும் தெரியாது. கீ கேட்காத வெக்டார் டைலுக்கு ஓபன்ஃப்ரீமேப் இருக்கிறது, அதுவும் நன்கொடையில் ஓடுவதுதான். யாரையும் நம்பவேண்டாம் என்றால் மதுரையை மட்டும் ஒரு பிஎம்டைல்ஸ் கோப்பாக (எல்லா டைலும் ஒரே கோப்புக்குள்) வெட்டி எடுத்து உங்கள் சர்வரிலேயே போட்டுவிடலாம். தனி டைல் சர்வர் தேவையில்லை, கோப்பின் ஒரு துண்டை மட்டும் கேட்டால் கொடுக்கிற எந்த ஹோஸ்டிங்கும் போதும். ஒரு நகரம்தானே, அளவு பெரிதாக வராது.

கோயில், பேருந்து நிலைய அடுக்கை மட்டும் விட்டுவையுங்கள். அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் கடை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடாது.

18 ஆகஸ்ட்

'வழி காட்டு' அழுத்தியதும் கூகுள் ஆப் திறந்து அங்கே போட்டிக் கடை தெரியுமே என்று கேட்கிறார். தெரியும். அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.